கணவாய் மூடிய பிறகு வந்த கடிதம்

வெள்ளை ஏரிக் கரை, கூடாரம்
ஆட்டுக்கு ரோமம் சீவும் மாதம்

தம்பி ரிக்சினுக்கு ஜூலே, வணக்கம்.

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். பால் கறக்கும்போது ஆடுகளை ஒரே கயிற்றில் கழுத்தோடு கழுத்தாகக் கட்டி நிறுத்துகிறோமே, எழுத்துகளும் மேல்கோட்டில் அப்படித்தான் வரிசையாகத் தொங்க வேண்டுமாம். என் ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. ஒன்று கொழுத்திருக்கிறது, ஒன்று நொண்டுகிறது. இந்த நாலு வரிக்குள் தேநீர் ஆறி, மேலே வெண்ணெய் கட்டிவிட்டது.

ஆனால் பார், எழுதுவது நான். உன் அண்ணன் புன்சோக். மடத்துத் துறவி இல்லை, லாரி டிரைவர் இல்லை. நான்!

குளிர்காலம் முழுக்க நம் ஊர் துக்ஜேயில் பெரியவர்களுக்கு வகுப்பு நடந்தது. லே நகரத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தாள். முதல் நாளே கிழவன் நம்க்யால் என்னைப் பார்த்துச் சிரித்தான். "எமன் வந்து கூப்புடும்போது கையெழுத்துப் போட்டுக் குடுக்கப் போறியாடா?" "ஆமா, உன் பேரையும் சேத்துப் போட்டுக் குடுத்துடுறேன்" என்றேன். மறுநாள் அவன் வகுப்புக்கு வரவில்லை. நான் ஒரு நாளும் தவறவில்லை.

ஏன் படித்தேன் தெரியுமா? நீ எழுதும் கடிதம் எல்லாம் இரண்டே வரி. "நலம். நலமறிய ஆவல்." துறவி அதை மடத்து முற்றத்தில் நின்று உரக்கப் படிப்பார். பத்துப் பேர் கேட்பார்கள். பல்மோ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போய்விடுவாள். நம் வழக்கப்படி அவள் உனக்கும் எனக்கும் ஒரே நாளில் மனைவியாக வந்தவள். நம் மூவர் பேச்சு ஏன் பத்துப் பேர் காதில் விழ வேண்டும்? இனிமேல் நீ என்ன வேண்டுமானாலும் எழுதலாம். படிப்பவன் நான். கேட்பவள் அவள். இடையில் யாரும் இல்லை.

பல்மோவுக்கு முழங்கால் வீக்கம் குறையவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே என்னை மேய்க்கிறாள். நீ விட்டுப்போன மரக்கிண்ணம் அவள் தலைமாட்டில்தான் இருக்கிறது. வருடாவருடம் வெண்ணெய் தடவி வைக்கிறாள். "கேளு அவன்கிட்ட. கிண்ணம் தேயல, என் விரல்தான் தேயுதுன்னு எழுது" என்கிறாள். எழுதிவிட்டேன்.

கருங்கழுத்துத் துங்துங் கொக்குகள் வந்துவிட்டன. அதே ஜோடி, அதே திட்டு. இரண்டு முட்டை. பனி உருகிக் கணவாய் திறந்ததும் முதல் லாரியில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நீ எப்போது வருகிறாய்? இந்தக் கேள்வியைத் துறவி மூலம் கேட்க எனக்கு வாய் வந்ததே இல்லை.

உன் அண்ணன்
புன்சோக்


மனாலி
20 ஜூன் 2001

அண்ணனுக்கு ரிக்சின் வணங்கி எழுதுவது. இங்கு நலம். அங்கு உங்கள் உடம்பும் பல்மோவின் உடம்பும் எப்படி?

கடிதம் வந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். கடைக்காரி புதித் பதறிப்போய், "என்ன, ஊர்ல யாராச்சும் போயிட்டாங்களா?" என்று கேட்டாள். "இல்ல, எங்க அண்ணன் எழுதப் படிச்சுட்டாரு" என்றேன். "அதுக்கு ஏன் இப்படி அழுவுறீங்க?" என்றாள்.

அடுப்புப் புகை கண்ணில் பட்டிருக்கும்.

உங்கள் எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. ஓடுகிற ஆடுதான் கொழுத்த ஆடு.

எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. ரோடு போட்ட காலத்துப் புழுதி நெஞ்சில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இருமினால் போய்விடும். இப்போது கல் உடைக்கப் போவதில்லை. ஒரு ஆப்பிள் தோட்டத்துக்குக் காவல். உட்கார்ந்தே செய்கிற வேலை.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதீர்கள். வடகரையில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்குமே, அந்த உப்பு ஒரு பிடி அனுப்ப முடியுமா? இங்கே தேநீரில் சர்க்கரை போடுகிறார்கள். முப்பது வருடமாகக் குடிக்கிறேன். இன்னும் தேநீர் குடித்தது போல் இல்லை.

பல்மோவின் விரலுக்கு என் வணக்கம்.

ரிக்சின்


வெள்ளை ஏரிக் கரை
வாத்துக் குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய வாரம்

தம்பிக்கு ஜூலே. உன் இருமல் எப்படி? தேனும் மிளகும் சாப்பிடு. பல்மோ சொல்கிறாள், வறட்டு வீரம் வேண்டாமாம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். முதல் தடவை நான் படித்ததைக் கேட்டு, "பாறை மேல ஆடு ஏறுற மாதிரி நின்னு நின்னு போறீங்களே பெரியவரே, அவன் ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கு விடிஞ்சுடும்" என்றாள். இரண்டாவது தடவை நன்றாக ஓடியது. மூன்றாவது தடவை, விரலுக்கு வணக்கம் என்ற இடம் வந்ததும், "போதும் மடிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ரிக்சினுக்கு உப்பு நெறையாப் போட்டு அனுப்புங்க, கஞ்சத்தனம் பண்ணாதீங்க" என்றாள்.

அவள் உன் பெயரைச் சொல்லாத நாள் இல்லை. கூடாரத்துக்குள் ஈ வந்தாலும் "ரிக்சின் இருந்தா ஒரே அடில அடிச்சிருப்பான்" என்பாள். நீ எந்தக் காலத்தில் ஈ அடித்தாய் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

ஒரு வேடிக்கை நடந்தது. எழுத்து வந்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? தெரிந்த பெயரையெல்லாம் எழுதிப் பார்த்தேன். என் பெயர், உன் பெயர், பல்மோ, கொம்பு முறிந்த கிடா. அடுத்து நம் அப்பாவின் பெயரில் முதல் எழுத்தைப் போட்டேன். என்ன எழுதப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே எழுதுகிறவன் ஆயிற்றே. அவள் எட்டிக் கையைப் பிடித்துக்கொண்டாள். "செத்தவங்க பேரைச் சொல்லலாமா? பாதி வழியில நின்னு திரும்பிப் பாப்பாங்க. பாவம், போறவங்களைப் போக விடுங்க." சொல்வதற்குத்தான் விலக்கு, எழுதுவதற்கு உண்டா என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. இருந்தாலும் அழித்துவிட்டேன்.

உப்பை டிரைவர் பியார் சிங்கிடம் கொடுத்திருக்கிறேன். வழக்கப்படி முதல் பிடியை ஏரிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் அள்ளினேன். வடகரையில் என்னைத் தவிர ஒரு காலடி இல்லை. நம் காலத்தில் அங்கே கூடாரங்கள் நிற்குமே. ஆட்டின் முதுகில் இரட்டைப் பை, பையில் உப்பு, முன்னால் நீ சீட்டி அடித்துக்கொண்டு. பல்மோ அந்தச் சீட்டியைப் பெரிய மேட்டுக்கு அந்தப் பக்கமே கேட்டுவிடுவாள்.

கொக்கு முட்டையில் ஒன்றை நாய் தின்றுவிட்டது. ரோட்டுக்காரர்கள் விட்டுப்போன நாய்கள். இன்னொன்று பொரிந்திருக்கிறது. செம்மண் நிறத்தில் ஒரு குஞ்சு.

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. பல்மோவால் இப்போது எழுந்து நிற்க முடியவில்லை, தம்பி. லே ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, குளிர் ஆகாது என்றார்கள். குளிர் ஆகாவிட்டால் நாம் எங்கே போவது? அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். உன்னை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவள் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

அண்ணன்


மனாலி
3 ஆகஸ்ட் 2001

அண்ணனுக்கு வணக்கம். நீங்களும் பல்மோவும் நலமாக இருக்க வேண்டும்.

உப்பு வந்தது. வெண்ணெய் வாங்கி, புதித்தின் அடுப்பில் நானே தேநீர் காய்ச்சினேன். ஒரு வாய் குடித்துவிட்டு அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இது தேநீரா, மாட்டுக்கு வெக்கிற தண்ணியா?" என்றாள். நான் மூன்று கோப்பை குடித்தேன்.

இப்போது இடையில் யாரும் இல்லை என்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அப்போதெல்லாம் நம் வீட்டில் ஒருவர் வழியில் இருப்போம், ஒருவர் கூடாரத்தில் இருப்போம். நான் உப்பு ஏற்றிக்கொண்டு சன்ஸ்கார் கிராமங்களுக்குப் போவேன், பார்லி ஏற்றிக்கொண்டு திரும்புவேன். நான் வந்ததும் நீங்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு மேல் மேய்ச்சலுக்குப் போய்விடுவீர்கள். யாருக்கும் எதுவும் குறையவில்லை. எல்லை மூடினார்கள். ரோடு வந்தது. அப்புறம் ராணுவ லாரியில் ரேஷன் உப்பு வந்தது. கடலில் விளைந்த உப்பு. கடலை நம்மில் ஒருவரும் பார்த்ததில்லை. அது வந்து நம் ஏரியை வென்றுவிட்டது.

அந்தக் குளிர்காலம் ஞாபகம் இருக்கிறதா? முதல் முறையாக நாம் இருவரும் ஒன்றாகக் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தோம். யாரும் யாரிடமும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. பல்மோ இரண்டு கிண்ணத்திலும் ஒரே அளவு தேநீர் ஊற்றினாள். ஊற்றிவிட்டு எந்தக் கிண்ணத்தை முதலில் நீட்டுவது என்று அவள் நின்றதை நான் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள். யாராவது ஒருவர் வழியில் இருந்தாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இளையவன் நான்.

அவ்வளவுதான். கோபம் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை.

வருகிறேன். அந்தக் குஞ்சு பறக்கத் தொடங்கும்போது வருகிறேன். கணவாய் மூடுவதற்குள் உங்கள் கூடாரத்தில் இருப்பேன். பல்மோவிடம் சொல்லுங்கள். பெட்டியில் ஆப்பிள் அனுப்பியிருக்கிறேன். வழியில் குலுங்கிக் கெட்டுப்போயிருந்தால் நல்ல பகுதியை மட்டும் வெட்டிக் கொடுங்கள்.

கிண்ணத்தில் விரிசல் எதுவும் இல்லையே?

ரிக்சின்


வெள்ளை ஏரிக் கரை
பார்லி அறுப்பு மாதம்

தம்பி! ஜூலே! ஜூலே!

விரிசல் இல்லை. கிண்ணத்தில் இல்லை, எதிலும் இல்லை. நீ வழியில் இருந்தது போதும். வீட்டுக்கு வா. இரண்டு பேரும் கூடாரத்தில் இருந்தால் இப்போது என்ன வந்துவிடும்? எனக்கு ஒரு காது கேட்காது, அவளுக்கு இரண்டு காலும் நடக்காது. நீ வந்தால் மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு முழு ஆள் ஆவோம்.

நீ வருகிறாய் என்று படித்ததும் பல்மோ, "இன்னொரு தரம் படிங்க" என்றாள். படித்தேன். "கணவாய்னு எழுதியிருக்கானா? இந்த வருசக் கணவாய்தானா?" என்று கேட்டாள். பிறகு என்னைக் கடிந்துகொண்டாள். "பாத்துகிட்டே நிக்கிறீங்களே, கூடாரத்து மேக்குப் பக்கம் கிழிஞ்சு கிடக்கு, அவன் எங்க படுப்பான்?" அன்றே தைத்தேன். வெள்ளைக் கம்பளி விரிப்பை வெயிலில் போட்டேன். அவள் தன் நீலக்கல் தலையணியை எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கழுத்துக்கு இது பாரம்" என்று உள்ளே வைத்தாள். மறுநாள் திரும்ப எடுத்தாள்.

ஆப்பிள் பெட்டியில் பாதி கூழாகிவிட்டது. மீதியை ஏழு கூடாரத்துக்கும் பங்கு போட்டோம். நம்க்யாலுக்கும் ஒன்று கொடுத்தேன். "எழுதப் படிச்சா ஆப்பிள் வருமா? நாளைக்கே நானும் வர்றேன்" என்கிறான். தோலைக் கூட பல்மோ எறியவில்லை. துணிப் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறாள். பெட்டியைத் திறந்தால் மனாலி வாசனை.

குஞ்சு இறக்கையை விரித்து விரித்து மடக்குகிறது. தாயும் தகப்பனும் முன்னால் ஓடிக் காட்டுகின்றன. அது நின்று வேடிக்கை பார்க்கிறது. சோம்பேறி. உனக்காகத்தான் காத்திருக்கிறது போல.

எந்த லாரியில் வருகிறாய் என்று எழுது. ரோட்டுக்கு வந்து நிற்கிறேன்.

அண்ணன்


வெள்ளை ஏரிக் கரை
முதல் பனி விழுந்த பின்

தம்பிக்கு. உடம்பு எப்படி இருக்கிறது?

பதில் இல்லை. கடிதம் வழியில் தவறியிருக்கலாம் என்று இன்னொன்று எழுதுகிறேன்.

குஞ்சு பறந்துவிட்டது. முதலில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே போனது. பிறகு மடத்து மேட்டுக்கு மேலே ஒரு சுற்று. நான் கூடாரத்துக்கு ஓடிப் போய்ச் சொன்னேன். பல்மோ, "அப்ப வர்ற வாரம்" என்றாள்.

அந்த வாரம் போய்விட்டது.

தினமும் ரோட்டுக்குப் போகிறேன். டிரைவர்களுக்கு என்னைப் பார்த்துப் பழகிவிட்டது. தூரத்திலிருந்தே கையை ஆட்டி இல்லை என்கிறார்கள். ஒருவன் மட்டும் லாரியை நிறுத்தி, "தாத்தா, உங்க தம்பி ஆப்பிள் தோட்டத்துல ராஜா மாதிரி இருப்பாரு, இந்தக் குளிருக்கு எவன் வருவான்?" என்றான். நல்ல பையன். ஆறுதல் சொல்லத் தெரியவில்லை.

மனம் மாறிவிட்டது என்றால் அதையாவது எழுது. நான் அதைப் படிக்காமல் வேறு ஏதாவது படித்துச் சொல்கிறேன். பல்மோவுக்கு எழுத்து தெரியாது. நான் எதைப் படித்தாலும் அதுதான் கடிதம்.

நேற்று அவளுக்கு மூச்சு வாங்கியது. "ரிக்சின் வந்துட்டானா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனாள்.

கணவாய் இன்னும் திறந்துதான் இருக்கிறது.

அண்ணன்


மனாலி
9 அக்டோபர் 2001

பெரியவர் புன்சோக் அவர்களுக்கு, டீக்கடை புதித் எழுதுவது. உங்கள் எழுத்து எனக்கு வராது. நான் சொல்லச் சொல்ல இங்குள்ள மடத்துத் துறவி எழுதுகிறார்.

உங்கள் தம்பி இறந்துவிட்டார்.

இதை எப்படிச் சுற்றிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வசந்த காலத்திலிருந்தே இருமலில் ரத்தம் வந்தது. உங்களுக்கு எழுதினாரா என்று கேட்டேன். "அண்ணன் இப்பதான் எழுதக் கத்துக்கிட்டு சந்தோசமா இருக்காரு. முதல் முதல்ல படிக்கிற கடிதாசில இதையா எழுதுறது?" என்றார். அவ்வளவு உயரத்துக்குப் போனால் மூச்சு நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் கேட்கவில்லை. புதுச் சட்டை தைத்துக்கொண்டார். "எங்க பொறந்தேனோ அங்க எனக்கு மூச்சு வராமப் போயிடுமா, போடி" என்றார்.

லாரி ஏறிப் போனார். பாதி மலையில் மூச்சு முட்டியிருக்கிறது. முகம் நீலமாகிவிட்டதைப் பார்த்து டிரைவர் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். கடைப் பெஞ்சில்தான் படுக்க வைத்தோம். "வண்டியைத் திருப்பாதேன்னு சொல்லு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வண்டி அப்போது கடை வாசலில் நின்றுகொண்டிருந்தது. மாலையில் போய்விட்டார். முறைப்படி எல்லாம் செய்தோம்.

இத்தனை வருடத்தில் அவர் தனக்கென்று ஒரு கோப்பை வாங்கிக்கொண்டதில்லை. கடைக் கோப்பையில்தான் குடிப்பார். கேட்டால், "எனக்கு ஊர்ல இருக்கு" என்பார்.

மிச்ச உப்பை ஏரியில் போடச் சொன்னார். பியார் சிங்கிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீங்கள் கடைசியாக எழுதிய இரண்டு கடிதங்களில் முதலாவதை அவர் படித்துவிட்டார். அடுத்தது நேற்றுதான் வந்தது. பிரிக்கவில்லை.

புதித்


வெள்ளை ஏரிக் கரை
கொக்குகள் போன மறுநாள்

தங்கை புதித்துக்கு. நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். என் எழுத்து கோணலாக இருக்கும். அந்தத் துறவியைப் பொறுமையாகப் படிக்கச் சொல்.

உன் கடிதத்தை ரோட்டிலேயே நின்று படித்தேன். மெதுவாகப் படிப்பவனுக்கு ஒரு கெடுதல் உண்டு, அம்மா. ஒவ்வொரு எழுத்தாகத்தான் வருகிறது. ‘உங்கள் தம்பி’ என்று படித்து முடித்து, அடுத்த சொல்லுக்குப் போவதற்குள் எவ்வளவு நேரம் அவன் உயிரோடு இருந்தான்!

படிக்கக் கற்றுக்கொண்டதற்காக அன்று முதல் முறையாக வருத்தப்பட்டேன்.

உப்பை வடகரையில் போட்டேன். தண்ணீர் வாங்கிக்கொண்டது. மடத்தில் விளக்கு ஏற்றச் சொன்னேன். யாருக்கு என்று கேட்டார்கள். பழைய உப்பு வியாபாரி ஒருவருக்கு என்றேன்.

பல்மோவிடம் சொல்லவில்லை. கூடாரத்துக்குள் போனதும், "கடிதாசு வந்துதா?" என்றாள். "இல்ல" என்றேன். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை அவள். மூன்றாம் நாள் கேட்டபோது, "எழுதியிருக்கானாம், லாரில வருதாம்" என்று சொல்லிவிட்டேன். ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தாள்.

அதனால் நான் எழுதப் போகிறேன். அவன் எழுதுவது போல. இந்தக் குளிர்காலத்தை அவள் தாண்டிவிட்டால் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

கணவாய் மூடப்போகிறது. இதுதான் கடைசி லாரி என்கிறார்கள். அவனுக்கு உன் பெஞ்சைக் கொடுத்தாயே, உனக்கு என் வணக்கம்.

புன்சோக்


மனாலி
நவம்பர்

அண்ணனுக்கும் பல்மோவுக்கும் ரிக்சின் எழுதுவது. இங்கு நலம்.

என் கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குளிரில் விரல் மடங்கவில்லை.

சொன்னபடி வர முடியவில்லை. தோட்டத்துக்காரர் விடவில்லை. ஆப்பிள் இந்த வருடம் அப்படிக் காய்த்துக் கிடக்கிறது. அடுத்த வசந்தத்தில் கணவாய் திறந்ததும் முதல் லாரியில் நான் இருப்பேன். அதுவரை பல்மோ மாத்திரையைத் தவறாமல் சாப்பிட வேண்டும். அண்ணன் கொடுக்கும் கஞ்சியைக் குறை சொல்லாமல் குடிக்க வேண்டும். அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

பல்மோ, உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெரிய மேட்டுக்கு அந்தப் பக்கம் வரும்போது நான் எப்போதும் சீட்டி அடிப்பேனே, ஆட்டுக்காக அடிக்கிறேன் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். ஆடுகளுக்கு வழி தெரியும். அது உனக்காகத்தான். அண்ணனுக்கும் இது தெரியும், தெரியாதது போல இருந்தார். சீட்டி கேட்டதும் அவர் மேல் மேய்ச்சலுக்கு மூட்டை கட்டத் தொடங்குவார். எதிர்ப்பக்க மேய்ச்சல் மேட்டின் மேல் ஏறித் திரும்பிப் பார்ப்பார். நீ கூடாரத்து வாசலில் நின்றுகொண்டிருப்பாய். உன்னைப் பார்க்க அங்கிருந்தும் நன்றாகத்தான் இருக்கும்.

இங்கே எல்லாரும் நலம். கிண்ணத்தைப் பார்த்துக்கொள்.

ரிக்சின்


துக்ஜே, குளிர்கால வீடு
ஏரி உறைந்த பின்

தம்பிக்கு,

ஜூலே என்று எழுதலாமா என்று தெரியவில்லை. நலமா என்று கேட்கலாமா என்றும் தெரியவில்லை. இதைத் தபாலில் போடப்போவதில்லை. அடுப்பில் போட்டால் புகையாக வந்து சேருமோ என்னவோ.

உன் பெயரில் எழுதிய கடிதத்தைப் பல்மோவுக்குப் படித்துக் காட்டினேன். நடுவில் ஒரு தடவை கூட அவள் பேசவில்லை. "பெரியவரே மெதுவா" என்று சொல்லவில்லை. இன்னொரு தரம் படி என்றும் சொல்லவில்லை. மடித்து வைத்தேன்.

"நல்லா எழுதியிருக்கான்" என்றாள்.

"ஆமா" என்றேன்.

"கையெழுத்துக்கு மன்னிப்பெல்லாம் கேட்டிருக்கான்."

"குளிரு."

"ம்." கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "கணவாய் மூடி எத்தனை நாளாச்சு பெரியவரே? எனக்குக் காலுதான் போச்சு. காது நல்லாத்தான் கேக்குது. லாரி சத்தம் நின்னுபோய் ஒரு அமாவாசை கழிஞ்சுடுச்சு."

நான் யோசிக்கவே இல்லை, தம்பி. எழுத வேண்டும், அழகாக எழுத வேண்டும், கயிற்றை விட்டு ஒரு ஆடும் ஓடக் கூடாது என்று உட்கார்ந்து எழுதினேன். அது எந்த வழியாக வரும் என்று யோசிக்கவில்லை. இந்த மலையில் பிறந்து வளர்ந்தவன் நான். கணவாயை மறந்துவிட்டேன்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் கையை நீட்டி என் முழங்காலைத் தட்டினாள். பிறகு தலைமாட்டிலிருந்து உன் கிண்ணத்தை எடுத்தாள். இத்தனை வருடம் வெண்ணெய் தடவித் துடைத்து வைப்பாள். இந்தத் தடவை துடைக்கவில்லை. உள்ளே வெண்ணெயை நிறைத்து, பஞ்சுத் திரியை நட்டு, "அடுப்புலேர்ந்து ஒரு கொள்ளி எடுங்க" என்றாள்.

உன் கிண்ணம் விளக்கானது. மர விளிம்பு கருகும் வாசனை வந்தது. அவள் எடுக்கச் சொல்லவில்லை.

அன்று முதல் அவள் உன் பெயரைச் சொல்வதில்லை. வீட்டுக்குள் ஈ வந்தால் பேசாமல் கையை வீசுகிறாள். ‘அவன்’ என்கிறாள், அவ்வளவுதான். நானும் சொல்வதில்லை. ஆனால் அந்தக் கடிதத்தின் அடியில் உன் பெயரை எழுதிவிட்டேனே. நீ போன பிறகு எழுதினேன். பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்திருப்பாய். எழுதுவதற்கு விலக்கு உண்டா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. உண்டென்றால் பழி என்னுடையது. நீ போ. இல்லை, பார்த்துவிட்டுப் போ. வாசல் உன் பக்கமாகத்தான் இருக்கிறது. உனக்காகத் தைத்த மேற்குப் பக்கம்தான் இப்போது அவளுக்குக் குளிர் வராமல் தடுக்கிறது. கூடாரத் துணியைப் பிரித்து வீட்டுச் சுவரில் கட்டிவிட்டேன்.

இனி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பேனாவை மூடிப் பெட்டியில் வைத்தேன். ஆப்பிள் தோல் வாசனை வந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன் உள்ள வெக்கிறீங்க?"

"யாருக்கு எழுத?"

"சீட்டி ஆட்டுக்காக இல்லன்னு எழுதியிருந்தானே," என்றாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு பேசினாள். "முப்பது வருசம் வாயே திறக்காதவன் இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கான். பாதியில நிறுத்தலாமா? இன்னும் என்னென்ன சொல்லாம வெச்சிருக்கானோ. எழுதட்டும். நீங்க படிங்க."

"கணவாய் மூடியிருக்கே."

"இருந்துட்டுப் போவட்டும்."

பிறகு என் பக்கம் திரும்பி, "மேட்டு மேலேர்ந்து நீங்க திரும்பிப் பாத்தது எனக்குத் தெரியும்" என்றாள். "நான் வாசல்ல நின்னது எதுக்குன்னு நெனச்சீங்க? அவன் வர்ற வழி அந்தப் பக்கம். நான் நீங்க போற பக்கம் பாத்துல்ல நின்னேன்."

தம்பி, எழுபது வயதில் எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எதை முதலில் எழுதுவது என்று தெரியாமல் இவ்வளவு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

விளக்கு இன்னும் எரிகிறது. ஏரிப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. கொக்குகள் எல்லாம் தெற்கே எங்கோ நிற்கும். நீ வழியில் இருக்கிறாய், நான் கூடாரத்தில் இருக்கிறேன். நம் வீட்டு வழக்கம் அப்படியேதான் இருக்கிறது.

அவள் தூங்கிவிட்டாள். அடுத்த வாரம் நீ அவளுக்கு எழுத வேண்டும். என்ன சொல்லப்போகிறாய் என்று யோசித்து வை. கை என்னுடையது, எழுதிவிடுகிறேன்.

அண்ணன்